ஸ்டார்போர்டு

கூரை ஏறித்தான் அவளைப் பிடித்தேன்,
ஐம்பத்து மூன்று வயதில், ஈர பூட்ஸோடு.
டாஸ்மேனியாவின் அக்டோபர் வெயில்
எங்கள் கொல்லையில் அந்தத் தகரத்தின் மேல் மட்டும்தான் விழுகிறது.
அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மற்ற நான்கும் பழுப்பு. பின்பக்கம் கனம்.
கவிழ்ந்த வாளியைத் தாண்டவே யோசிக்கும்.
இவள் லெகார்ன், வெள்ளை, காகித எடை.
ப்ரூனி தீவுக்குப் படகு கட்டி அவிழ்ப்பவன் வீட்டில்
கோழிக்கு வேறென்ன பெயர் வரும்?
ஸ்டார்போர்டு என்றால் கப்பலின் வலப்பக்கம்.

பக்கத்து வீட்டு ப்ரௌஸ் முந்தாநாள் வேலிக்கு வந்தார்,
வேரோடு பிடுங்கிய மூன்று அவரைச் செடிகளைச்
செத்த எலிபோல் நீட்டிக்கொண்டு.
"அந்த வெள்ளைதான். பறந்து வருது."
அவர் காலடியில் கர்னல்,
பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட்,
எதையும் துரத்தாது என்று சான்றிதழ் வாங்கிய நாய்,
கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது.
"இவன் பல்லுல மாட்டினா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

இரவு டெசிமாவிடம் சொன்னேன்,
வலிக்காது, நகம் வெட்டுவது மாதிரி.
நகத்தால் நீ பறந்ததில்லையே என்றாள்.
ஒரு சிறகில் மட்டும் வெட்டினால் போதும்.
இரண்டையும் வெட்டினால் சமமாகிவிடும்,
எப்படியோ எழும்பிவிடும்.
ஒன்று மட்டும் என்றால் கோணும்,
கோணினால் இறங்கும்.
விளக்க விளக்க என் குரல்
பயணிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிக் காட்டும்
குரலாகிவிட்டது, எனக்கே கேட்டது.
தட்டைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்:
"குவோல் வந்தா?"

குவோலை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.
பூனையளவு. உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு.
போன குளிர்காலத்தில் ஒரே ராத்திரி,
மேட்டு வீட்டு ஹெஸ்டரின் ஒன்பது கோழிகள்.
பத்தாவது எலுமிச்சை மர உச்சியில் இருந்தது
உயிரோடு.
மூன்று நாள் இறங்கி வரவில்லை.

நாய் பகல். குவோல் இரவு.
இரவில் கூடு பூட்டியிருக்கும்.
கடைசிப் படகு தாமதமாகாத இரவுகளில்
பூட்டியிருக்கும்.

மீன் செதில் வெட்டும் கத்தரி.
துண்டால் தலையை மூடியதும் அடங்கிப்போனாள்.
சிறகைப் பிரித்தேன்.
இவ்வளவு நீளமா இதற்குள் மடிந்திருந்தது?
ஜன்னல் வெளிச்சம் அதன் வழியே வந்து
என் முழங்கையில் கோடு கோடாக விழுந்தது.
கைக்கு முதலில் வந்தது வலது.
அந்தப் பெயரை வைத்துவிட்டு
வலதை வெட்ட மனம் வரவில்லை.
புரட்டிப் பிடித்தேன். இடது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவதின் தண்டு நீலம்,
உள்ளே இன்னும் ரத்தம் ஓடும் இளசு.
அதை விட்டேன்.
ஆறிலிருந்து பத்து வரை
தடித்த அட்டை வெட்டும் சத்தம்.
டெசிமா துணி எடுக்கப் போயிருந்தாள்.
கொடியில் துணியே இல்லை.

மறுநாள் ஏழு மணிக்கு ப்ரௌஸின் குரல்.
அவரைப் பாத்தியில் ஸ்டார்போர்டு,
இடப்பக்கம் குட்டையாக,
மும்முரமாகக் கிளறிக்கொண்டு.

வேலியோரம் முழங்காலிட்டுத் தேடினேன்.
கருந்திராட்சைப் புதருக்குப் பின்னால்
பலகைக்கு அடியில் ஒரு பள்ளம்,
மாதக்கணக்கில் தேய்ந்து வழவழவென்று.
விளிம்பில் வெள்ளைத் தூவி.
நடந்துதான் போயிருக்கிறாள்,
ஒவ்வொரு தடவையும் நடந்துதான்.
பறந்ததெல்லாம் கூரைக்கு, வெயிலுக்கு.

கோழி நுழைந்த பள்ளத்தில்
பூனையளவு எதுவும் நுழையும்.
அந்தப் பக்கம் ப்ரௌஸும் முழங்காலிட்டார்,
மூட்டு சொடுக்குவது கேட்டது.
பள்ளத்தின் வழியே
ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்தோம்.
அவர் ஒரு கல் கொண்டுவந்தார். நான் இரண்டு.
கர்னல் மோந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பழசு உதிர்ந்து புது இறகு முளைக்க
மார்ச் ஆகும். ஏப்ரல்கூட ஆகலாம்.
கடைசிப் படகு வேலையை வேறொருவனுக்கு
மாற்றிக் கொடுத்திருக்கிறேன், சம்பளம் கொஞ்சம் குறையும்.
கொட்டகைச் சுவரில் ஏணி சாய்த்து வைத்திருக்கிறேன்.
இன்று மூன்றாம் படிவரை ஏறினாள்.
அங்கே நின்று இரண்டு சிறகையும் விரித்தாள்,
ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்,
மடக்கிக்கொண்டு
என்னைப் பார்க்காமல்
நான்காம் படியைப் பார்த்தாள்.