குளிர்ந்த எஞ்சின்

நாவலைக்கு நான் போனது காலை ஆறே முக்காலுக்கு.
ஏழரைக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தேன்.
நிஸாம்தீன் பாஸ் சொல்லித்தந்த களவு அது:
"விக்கிறவன் எஞ்சினைச் சூடாக்க முந்திப் போங்க மிஸ்."
போனதும் பொனற்றில் உள்ளங்கையை வைத்தேன்
காய்ச்சல் பார்ப்பதுபோல.
சூடு.
விஜேசுந்தர ஐயா சிரித்தார்,
நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் வந்தாராம்.
வீட்டில் நாய் இல்லை.

அது பெற்றோல். வெள்ளை. மூன்று கதவு.
திறப்பைத் திருப்பியபின்
ஓடுகிறதா என்று முள்ளைப் பார்த்துத்தான் தெரியவேண்டும்,
அவ்வளவு அமைதி.
நான்கு சில்லுக்கும் வலுக் கொடுக்கும் அந்தக் குட்டை நெம்புகோலை
நான் இழுத்தேன், கோகுலன் இழுத்தான்,
கடைசியில் ஐயாவே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார்.
அசையவில்லை.
இருபது வருடத்தில் அது ஏறிய மலை
கொள்ளுப்பிட்டி சுப்பர்மார்க்கட்டின் நடைபாதை விளிம்பு.

கோகுலன் பெற்றோல் கட்சி.
லீசிங் கொம்பனியில் வேலை, கனவிலும் வட்டி பார்ப்பவன்.
லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர், வருடத்துக்கு எத்தனை லீற்றர்,
போனில் தட்டிக்கொண்டே வந்தான் பேலியகொடைவரைக்கும்.
நான் வாரத்தில் இரண்டு நாள்
கெபித்திகொல்லாவைக்கு அங்காலே கிணற்றுத் தண்ணீர் எடுக்கப் போகிறவள்.
மாரியில் அந்தப் பாதைகள் பாதைகளாக இருப்பதில்லை.
அதை எந்தப் பெட்டியில் தட்டுவது?

டீசல், களனிப் பாலத்தடியில், லொறிகளுக்கு நடுவில்.
பாசி நிறம். என்னைவிட நான்கு வயது இளமை.
பொனற் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தது.
சுருள் விளக்கு செம்மஞ்சளாய் எரிந்தது;
அது அணையும்வரை எல்லாரும் பேசாமல் நின்றோம்.
பிறகு ஒரு குலுக்கல்.
கரும்புகை, சாம்பல் புகை, பிறகு ஒன்றுமில்லை.
மதிலில் இருந்த காகங்கள் எழும்பிப் போய்
திரும்பி வந்து இருந்தன.

பாஸ் ஒயில் மூடியைக் கழற்றி அதன் வாயிலேயே கவிழ்த்து வைத்தார்.
அது ஆடியது. எகிறிப் பாயவில்லை.
"இந்த வயசுக்கு இவ்வளவு ஆட்டம் ஆகும்.
டீசல் தன்ட நோயை ஊருக்கே சொல்லும் மிஸ்.
பெற்றோல் சிரிச்சிக்கிட்டே இருந்து
ஒருநாள் நடுரோட்டில நிண்டுடும்."

எங்கள் ஃபிரிட்ஜில் மின்சாரப் பட்டியலைப் பிடித்திருந்த
அன்னாசிப்பழக் காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன்.
கதவுகளில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
பின் சில்லு வளைவில் வழுக்கி விழுந்தது.
அரை விரல் தடிப்புக்குப் பட்டி.
விலையில் முப்பதாயிரம் விழுந்ததும் அங்கேதான்.

டாஷ்போட்டில் ஒரு மாதிரிப் போத்தலை வைத்தேன்.
தண்ணீர் முழுக்க வளையம் வளையமாய் நடுங்கியது.
"பார்," என்றான் கோகுலன், வென்றவனாக.
பார்த்தேன். மூடி கழரவில்லை.

கால்மிதியைத் தூக்கினால், மடிந்த ஒரு துண்டு.
பேனையால் 318.
திகதி இல்லை.
அந்த வருடம் கொழும்பில் எல்லாருக்கும் ஓர் எண் இருந்தது.
என்னுடையது 907, கிருலப்பனையில்,
இரண்டு இரவு காருக்குள்,
பின்னால் நின்றவர் பாதி பிய்த்துத் தந்த மாலுபணிஸ்.
"டீசல் வரிசைதான் நீளம் அப்போது," என்றான் இவன்.
"கப்பல் இரண்டுக்கும்தானே வரவில்லை," என்றேன்.
அந்தத் துண்டை எறிய மனம் வராமல்
வாகனப் புத்தகத்துக்குள் வைத்தேன்.
அப்போதே வாங்கியாயிற்று என்று பாஸுக்கு விளங்கியிருக்கும்.
கை துடைக்கப் போய்விட்டார்.

ஒருகொடவத்தை செட்டில் பொடியன் என்னைப் பார்த்தான்,
வண்டியைப் பார்க்கவில்லை,
தொண்ணூற்றிரண்டின் குழாயைத் தூக்கினான்.
"டீசல்!" என்று கத்தினேன்.
எந்த மொழியில் கத்தினேன் தெரியாது.
அந்தச் சொல்லுக்கு மொழி தேவைப்படவில்லை.

வீட்டில் வந்து இறங்கும்போதுதான் கண்டோம்:
இடது கதவில் அன்னாசிப்பழம்,
பேலியகொடையிலிருந்து வெள்ளவத்தை மட்டும்
அவ்வளவு நடுக்கத்திலும் விழாமல்.