ஆன் த வே

லீ பஜார் பின்சந்தில் பார்சல் ஆபீஸ்.
அங்கே போன் எடுப்பவள் நான்.
இங்கிலீஷ் அவ்வளவாக வராது.
ஆனால் 'ஆன் த வே'க்கு மட்டும்
தனி அகராதியே எழுதித் தருவேன்.

பின்னால் குக்கர் விசிலடித்தால்
இன்னும் குளிக்கவில்லை என்று பொருள்.
கிளாஸ் கழுவும் சத்தம் என்றால்
அடிவாரம் டீக்கடை, இரண்டாவது டீ.
ஒன்றுமே கேட்கவில்லையா,
போர்வைக்குள்ளிருந்து பேசுகிறான்.
ஹாரன் கேட்டாலும் நம்பிவிட முடியாது.
சடையப்பன், நிற்கிற வண்டியில்
ஹாரனை அமுக்கிக்கொண்டே பேசுவான்.

'ஆன் த வே மேடம்' என்றால் ஒரு மணி நேரம்.
'ஆன் த வேக்கா' என்று குழைந்தால்
பஞ்சர், இல்லாவிட்டால் மச்சான் கல்யாணம்.
சம்பள உயர்வு கேட்டால்
முதலாளி சொல்வதும் இதைத்தான்.
ஐந்து வருஷமாக அது
தொப்பூர் கணவாயைத் தாண்டவில்லை.

மாதேஷ்
ஏற்காட்டிலிருந்து மிளகும் காப்பிக்கொட்டையும் இறக்குகிறவன்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
அவனிடம் ஒரே பதில்தான்.

போன ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை.
கோயம்புத்தூர் பார்ட்டி ஏழாவது தடவை கூப்பிட்டபிறகு
மாதேஷுக்கு அடித்தேன்.

"பதினொன்னாவது வளைவுல நிக்கறேன்.
முன்னால மரம் விழுந்து கெடக்கு.
மண்ணு இன்னும் சரிஞ்சுகிட்டே இருக்கு."

இடம், எண், காரணம்.
அவன் என்னிடம் சொன்ன முதல் நிஜம்.
எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.
பொய் சொல்லித் தொலையேன்டா
என்று கத்த வேண்டும்போல இருந்தது.
"வண்டிய விட்டு எறங்கு."
"லோடு?"
"கெடக்கட்டும், எறங்கு."
அப்புறம் மழை மட்டும் கேட்டது.
அந்தச் சத்தத்துக்கு
என் அகராதியில் பக்கம் இல்லை.

லேண்ட்லைன் அடித்தது. எட்டாவது தடவை.
"ஏம்மா, எங்கதான் இருக்கு என் மிளகு?"

நாக்கு தடுக்கவேயில்லை எனக்கு:
"ஆன் த வே சார்."

ராத்திரி பதினொன்றேகாலுக்கு
யாருடைய பைக்கிலிருந்தோ இறங்கினான்.
முழங்கால்வரை சேறு,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.
மூலைக் கடைக்குப் போன் போட்டு
ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை தூக்கலா என்றேன்.

"ஆன் த வேக்கா!"

பின்னால்
ஷட்டர் இறக்கும் சத்தம்.