கழிக்கக்கூடியவை

கழிப்பறை கட்டிய செலவைக்
கழிக்கலாமா என்று கேட்டேன்.
குணநாயகம் சிரிக்கவில்லை.
வரிக்காலத்தில் அவர் சிரிப்பதில்லை.

ஜம்பட்டா வீதியில், நகைக்கடைக்கு மேலே அவர் அறை.
மின்விசிறிக்குப் பயந்து
தாள்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்.
என்னுடையவை பிஸ்கட் டின்னில் வந்தவை:
சீமெந்து, டைல்ஸ், பிவிசி குழாய்,
என் முழங்காலுயரத்தில் ஒரு கை கழுவும் தொட்டி,
படிக்கட்டின் வாயை அடைத்த குட்டிக் கதவு.
ஒரு றசீதில் யாரோ
பச்சைக் கிரயோனால் யானை வரைந்திருந்தார்கள்.
தொகை, யானையின் வயிற்றுக்குள்.

"திருத்தமா, மேம்பாடா?"
உடைந்ததைப் பழையபடி ஆக்கினால் திருத்தம்,
இந்த வருடமே கழியும்.
பழையதைவிட நன்றாக ஆக்கினால் மேம்பாடு,
வருடா வருடம், கொஞ்சம் கொஞ்சமாய்.
கூரை ஒழுகியது, அடைத்தேன். திருத்தம்.
ஒழுகாத கூரையின் கீழ் ஒன்பது பிள்ளைகள்
மத்தியானம் ஒரே மூச்சாய்த் தூங்குவது
எதில் சேரும் என்று
நான் கேட்கவில்லை.

"வீட்டில் எவ்வளவு தொழிலுக்கு?"
காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை
முன் ஹால் முழுக்க அவர்களுடையது.
அதன் பிறகு அதே தரையில்
மகன் கணக்குக் கொப்பியை விரிப்பான்,
இவர் கால் நீட்டிச் செய்தி பார்ப்பார்,
காலில் ஒரு பிளாஸ்டிக் துண்டு குத்தும் வரை.
குத்திய அந்த நிமிடம் தொழிலா, குடும்பமா?
குசினியில் பருப்பு பாதிப் பாதி.
அழைப்பு மணி முழுக்க அவர்களுக்கு.
பெரியாஸ்பத்திரித் தாதி ஒருத்தி
இரவு டியூட்டி என்று விட்டுப்போன அஃப்ரா
எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்து
விடியும்வரை இவரை உதைத்தாள்.
படுக்கையறையையும் போடலாமா?

கல்குலேட்டர் கொஞ்சம் யோசித்தது.
"முப்பத்தெட்டு சதவீதம்."
மிச்ச அறுபத்திரண்டும்
எங்கே இருக்கிறது என்று
எனக்கு ஒருவரும் காட்டவில்லை.

"டைல்ஸ் பதித்த கூலிக்கு றசீது?"
இல்லை.
விஜேபால பாஸ் கூலி வாங்கவில்லை.
மட்டக்குளியிலிருந்து வருவார், சைக்கிள் பாரில்
இரண்டு வயதுச் செனுதி.
மனைவி குவைத் போய் ஐந்து மாதம்.
"சல்லி எப்பா, மிஸ்" என்றார்,
காசு வேண்டாம், இவளை மட்டும் வைத்திருங்கள் என்று.
பதினொரு நாள் டைல்ஸ் பதித்தார்.
அதில் எட்டு நாள் அவள் என் இடுப்பில் இருந்தபடியே
அப்பாவைப் பார்த்து அழுதாள்.
மூன்று மாதம் என்பது பேச்சு.

குணநாயகம் பேனாவை மூடினார்.
"அப்படியென்றால் அது வருமானம், மிஸ்.
மூன்று மாதக் கட்டணத்தை வரவில் எழுத வேண்டும்.
அதே தொகையைச் செலவிலும் எழுதலாம்,
அந்த ஆள் ஒரு கடிதம் தந்தால்."

தந்தார்.
சீமெந்துப் பையின் உள்தாளில்,
சிங்களத்தில், மிகத் திருத்தமான கையெழுத்தில்:
இன்ன வேலை செய்தேன்.
அதற்கு என் மகளைப் பார்த்துக்கொண்டார்கள்.
எங்களுக்குள் கணக்கு முடிந்தது.

குணநாயகம் இரண்டு தரம் படித்தார்.
இருந்ததில் பெரிய கல்லைத் தேடி
அதன் மேல் வைத்தார்.

நாலாவது மாதமும் அவள் வருகிறாள்.
அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால்
தொட்டியடியில் செனுதி,
சட்டை நனைய, ஒரு கை குழாய்க்குள்.
வாஷர் போய்விட்டது, சொட்டுகிறது.
திருத்தம், என்று சொல்லிக்கொண்டேன்.
இந்த வருடமே கழியும்.