ஒன்றரைக் குளியலறை

விற்பனைத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது:
மூன்று அறை, ஒன்றரைக் குளியலறை,
ஒரு குடும்பத்துக்கு ஏற்றது.
அரை என்றால் என்னவென்று
குடிவந்த பிறகுதான் தெரிந்தது:
சமையலறைக்குப் பின்னால்
குழாய் மட்டும் உள்ள கழிப்பறை.

செம்பனை லோரிகள் திரும்பும் முனையில்,
ஈஜோக் தாமானில்,
இருபுறமும் அடுத்தவர் சுவர் ஒட்டிய நடுவீடு.
முன்னறையில் பெரியத்தானும் தவமலர் அக்காவும்
கைக்குழந்தையும்.
பின்னறையில் மூன்று பையன்கள்,
அவர்களின் ஆறு பூட்ஸ்களின் வாடை.
கூடத்தில் குணாளன்;
டிவி எப்போது அணைகிறதோ
அப்போதுதான் அவனுக்கு இரவு.
நடு அறையில்
நானும் யோகேஸ்வரியும் எங்கள் பெண்கள் இருவரும்.
அவள் புருஷன் எண்ணெய் ஆலையில் இரவுக் காவல்.
பகலில், போர்ச்சில் நிற்கும் பழைய புரோட்டோனில்
கதவைத் திறந்துபோட்டு,
காலை வெளியே நீட்டித் தூங்குகிறார்.
என்னவர் சிங்கப்பூர் லோரி,
மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை.
குளியலறைக் கணக்கில் அவர் அரை.

மெத்தை ஒன்றுதான் எங்கள் இருவருக்கும்.
அவள் மினி மார்க்கெட்டில் கல்லா, பகல்.
நான் மேருவில் கையுறைக் கம்பெனி, இரவு.
ஏழு இருபதுக்கு பஸ் என்னை இறக்கிவிடும்போது
அவள் எழுந்த பள்ளம் ஆறியிருக்காது.
அதில் விழுவேன்.
சில நாள் அவள் கொண்டை ஊசி முதுகில் குத்தும்.

போன மாதம் கரண்டு பில்
நானூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
"பகல்ல தூங்கறவளுக்கு ஏர்கோன் எதுக்கு?"
என்னிடம் கேட்கவில்லை,
பாத்திரம் கழுவிக்கொண்டே குழாயிடம் கேட்டாள்.
நானும் குழாயிடமே பதில் சொன்னேன்.
அதை இங்கே எழுத முடியாது.
மறுநாள் பசார் மாலாமில்
அறுபத்தொன்பது வெள்ளிக்கு ஒரு ரைஸ் குக்கர் வாங்கி
அவளுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.
இருப்பது ஒரே பிளக். அதற்கும் ஒரு வரிசை வந்தது.

பதினோரு நாள் பேச்சில்லை.
மெத்தை மட்டும் கைமாறிக்கொண்டிருந்தது.
அவள் போர்வையை மடிக்காமல் போனாள்.
நானும் மடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கேட்டில் ஒரு பெண்.
மக்கள் கணக்கெடுப்பு.
நீலத் தூடோங், கையில் டேப்லட்.
வாசல் செருப்புகளை எண்ணி முடித்த பிறகுதான்
வணக்கம் சொன்னாள் என்று நினைக்கிறேன்.
"பெராப்பா கெலுவார்கா?"
எத்தனை குடும்பம்.
அன்று யோகேஸ்வரிக்கு விடுப்பு,
மெத்தை அவளுடையது,
தரையில் புரண்ட தூக்கம் என் கண்ணில் எரிந்தது.
நான் முழித்ததைப் பார்த்து அவளே உதவினாள்:
ஒன்றாய்ச் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்று,
தனித்தனியாய்ச் சமைத்தால் தனித்தனி.
வாசலிலிருந்தே தெரிந்தன
அந்த இரண்டு குக்கர்கள்,
பதிவுத் திருமணத்துக்கு வந்த சாட்சிகள்போல.
வீடு பெரியத்தான் பெயரில்,
கடன் நான்கு பேர் சம்பளத்தில்,
பின்பக்கம் இழுத்த தகரக் கூரை மஜ்லிசுக்குத் தெரியாமல்.
எந்தப் பதிலுக்கு எந்தக் கடிதம் தேடிவருமோ.
இரண்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

குளியலறைக் கதவு திறந்தது,
முழுக் குளியலறை.
தலையில் துண்டோடு யோகேஸ்வரி.
"சாத்து" என்றாள்.

அந்தப் பெண் தட்டிக்கொண்டாள்,
நன்றி சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மலாயில் அது ஒன்று.
தமிழில், கதவை மூடு.
கொசு வருகிறது என்றிருக்கலாம்.
அவளைப் பார்த்துச் சொன்னாளா, என்னைப் பார்த்தா,
ஈரத் துண்டுக்குள் கண் தெரியவில்லை.
எதற்கும் இருக்கட்டுமென்று
நான் கதவைச் சாத்தினேன்.

அன்று மாலையும் இரண்டு குக்கர்தான்,
அவளுடையது முதலில்.

மறுநாள் காலை வந்து விழுந்தபோது
தலையணைக்கு அடியில் ஏதோ உறுத்தியது.
கொண்டை ஊசி இல்லை,
ஏர்கோன் ரிமோட்.
அழுத்தினேன், வேலை செய்யவில்லை.
பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன்:
பேட்டரியை எடுத்திருக்கிறாள்.
ஒன்றை மட்டும்.