இரண்டு பிறை

மாங்குளத்தில், ஏ ஒன்பது வீதிக்கரையில்
கதவுக்கும் கட்டிலுக்கும் பொலிஷ் அடிப்பவள் நான்.
ஒரு புதன்கிழமை, கரண்ட் போயிருந்த நேரம்,
யோக்கிம் ஒரு கிற்றாரைக் கொண்டுவந்து
கட்டில் சட்டத்தின் மேல் வைக்கப் போனான்.
பொறு, என்றேன்.
சட்டம் இன்னும் காயவில்லை.
காயாத ஒன்றின் மேல் காயாத இன்னொன்றை
வைக்கக் கூடாது.

"இது அறுபத்துநாலாம் ஆண்டுச் சாமான், அக்கா.
எப்பவோ காஞ்சிட்டுது."

மணந்து பார்த்தேன்.
நான் தின்னர் கலந்து விசிறுகிற அதே நைட்ரோ.
அது காய்வதில்லை தம்பி,
காய்ந்த மாதிரி இருக்கும்.
தொட்டதையெல்லாம் வாங்கி
உள்ளே வைத்துக்கொள்ளும்.

கழுத்தின் பின்னால் இரண்டு பிறை,
ஈரத்தில் ஊறிய விரல்நுனி போலச் சுருங்கி.
ஸ்காபரோவிலிருந்து அவன் தமக்கை அனுப்பிய பெட்டியில்
கறுப்புத் தாங்கி ஒன்று, கொம்புகளில் மெத்தென்ற றப்பர்,
ரெக்சின் வார், கவ்விப் பிடிக்கிற கப்போ,
வழியிலேயே உருகிவிட்ட சொக்லேட்.
சித்திரை வெயில். தகரக் கூரை. மூன்று கிழமை.
நோகக்கூடாதென்று வைத்த றப்பர்
வார்னிஷைத் தின்றிருந்தது.
றப்பரும் பிசுபிசுத்துத்தான் கிடந்தது,
யார் யாரைத் தின்றதென்று சொல்வது கஷ்டம்.

"எடுக்கேலுமோ?"

ஏலும். உரஞ்சிவிட்டுப் புதிதாய் விசிறினால்
நாளைக்கே கண்ணாடி.
ஆனால் வயிற்றில் ஓடுகிற இந்தக் கோடுகளும் போகும்,
குளம் வற்றியபின் சேறு வெடித்த மாதிரி
முழுக்க ஓடுதே, இதெல்லாம்.
சத்தம் மாறுமோ என்று கேட்டான்.
எனக்குத் தெரியாது, கட்டில்கள் பாடுவதில்லை.

அவன் யோசிக்கவேயில்லை. "வேண்டாம்."

இடப்பெயர்வில் இது எங்கே இருந்ததென்று
நான் கேட்கவில்லை.
வருகிற ஒவ்வொரு பலகையிடமும் அதைக் கேட்டால்
கடை நடத்த முடியாது.

நைட்ரோ எதிலிருந்து வருகுது தெரியுமா, என்றேன்.
பஞ்சிலிருந்து. அமிலத்தில் ஊறவைத்த பஞ்சு.
ஒரு பக்குவத்தில் எடுத்தால் பளபளப்பு,
இன்னொரு பக்குவத்தில் வெடிமருந்து.
அவன் கையை எடுத்துக்கொண்டான்.
வீதியில் ஒரு லொறி போனது.
அது போய் முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு கையை மறுபடி, முன்னைவிட மெதுவாக,
அதே இடத்தில் வைத்தான்.

மறுநாள் தாங்கியையும் கொண்டுவந்தான்.
பஞ்சில் செய்ததைப் பஞ்சு கடிக்காது என்று
என் கணக்கு.
சாயமில்லாத துணி வேண்டும்,
துவைத்துத் துவைத்துக் கஞ்சி மறந்த துணி.
அரிசி கட்டிவந்த வெள்ளைப் பை ஒன்று இருந்தது.
றப்பரைப் பிளேட்டால் சீவி எறிந்துவிட்டு
இரண்டு கொம்பிலும் மூன்று சுற்றுச் சுற்றினேன்.
பசை கூடாது, பசையும் றப்பருக்குச் சொந்தம்.
நூலால் தைத்தேன், முடிச்சு வெளிப்பக்கம்.
தைக்கிறபோதே சொன்னேன்:
வாசித்து முடிய வாரைக் கழற்று,
கப்போவைத் தலையில் கவ்வவிட்டுத் தூங்காதே,
உன் பெல்ட்டையும் பார், அந்தப் பித்தளைப் பூட்டு
எத்தனை பூசைக்கு முதுகைக் கீறியிருக்கு.
அவன் குனிந்து பார்த்தான்.
பூட்டில் ஒரு கழுகு.

"எவ்வளவு?"
இருபது ரூபா. நூலுக்கு.

அப்போதுதான் அவன் போன் அடித்தது.
ஸ்காபரோவில் இன்னும் விடியவில்லை,
தமக்கை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்,
கழுத்தில் பாதி சுற்றிய மப்ளர்.
"தாங்கி எப்படியடா? வடிவா நிக்குதோ?"

கிற்றாரை எடுத்து வைத்தான்.
பிறைகள் இரண்டும் துணிக்குள் போய்
அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன.
போனைத் திருப்பிக் காட்டினான்.

"அது என்ன வெள்ளைத்துணி,
கை முறிஞ்ச ஆளுக்குக் கட்டின மாதிரி?"

"இங்க வெயில் கூட, அக்கா."

"வெயிலுக்கு அதுக்கு என்ன?"

அவன் என்னைப் பார்த்தான்.
நான் கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன்.
விரல் ஒட்டியது.