மூன்றின் வால்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் பழைய இரும்புக் கடை.
ரப்பர் பால் வாளி, சைக்கிள் ரிம், இடித்த லயத்துத் தகரம்,
எது வந்தாலும் முதலில் காந்தம், பிறகு தராசு,
அதற்கப்புறம்தான் "சாப்பிட்டாச்சா?"

சன்னாசி மைலோ டின்னோடு வந்தான்.
மழை விட்டும் கூரை சொட்டிக்கொண்டிருந்தது.
அவன் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாளில்
எவனோ அமெரிக்க மாலுமி சீட்டாட்டத்தில் தோற்றதாம்:
பன்னிரண்டு காசு.
முன்னால் தாடிக்காரர் தலை, பின்னால் இரண்டு கோதுமைக் கதிர்.
"வெள்ளிக்கா," என்றான்.

வெள்ளி இல்லைடா.
செம்பெல்லாம் தோட்டாவுக்குப் போன வருஷம்
இரும்பில் அடித்து மேலே துத்தநாகம் பூசினது.

காந்தத்தை நீட்டினேன்.
பத்து, கோழிக்குஞ்சு மாதிரி ஓடி வந்து ஒட்டிக்கொண்டன.
நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று, எல்லாம் நாற்பத்து மூன்று.
கோடிக்கணக்கில் அடித்தது. ஓரமெல்லாம் துரு.
ஆள் கிடைத்தால் இரண்டு வெள்ளி பெறும்.
நாற்பத்து நாலு என்று ஒன்றே ஒன்று இப்படி ஒட்டியிருந்தால்
அன்றைக்கே கடையைப் பூட்டியிருப்பேன்.

பதினொன்றாவது செம்பு நிறம். எச்சில் விழுங்கினான்.
அதுவும் ஒட்டியது. மேலே முலாம், உள்ளே அதே இரும்பு.

பன்னிரண்டாவதைக் காந்தம் கண்டுகொள்ளவே இல்லை.

செம்பு. நாற்பத்து மூன்று.
நகைத் தராசில் மூன்று கிராம், மேலே ஒரு பொட்டு.
இரும்புக்கு நடுவே தவறி அச்சுக்குள் போன செம்புத் தகடு,
உலகத்திலேயே விரல் விட்டு எண்ணலாம்,
ஒன்று இருந்தால் வீடு வாங்கலாம்.
பொய் சொல்ல மாட்டேன்,
என் கமிஷனை மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

பூதக்கண்ணாடி.
இரும்புக் காசு ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு வால் நீளம்,
பக்கத்து எண்ணைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.
இதில் வால் மொட்டை.
இடது பக்கம் அரம் பட்ட கீறல்.
எட்டு.
யாரோ பாதி எட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறான்.

சொன்னேன்.
கொஞ்ச நேரம் டின்னுக்குள்ளேயே பார்த்தான். பிறகு சிரித்தான்.
"அப்ப இதுலயும் ஒரு கிராணி கை வச்சிருக்கான்."

பதிவிலாகாவுக்கு அவன் நடந்த நடை பகாவுக்கே தெரியும்.
பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி
சன்னாசியைச் சின்னாசி ஆக்கிவிட்டுப் போனார்.
ஐம்பத்தாறு வயசு, இன்னும் சிவப்பு ஐசி.
"ஒரு எழுத்துக்கா. காசுல தப்பு விழுந்தா வீடு.
எனக்கு விழுந்தா…"
வாசலில் லோரி ஹாரன் அடித்தது. முடிக்கவில்லை.

"இரும்பு கிலோ என்ன விலை?" என்றான் போகிற போக்கில்.
பதினொன்றும் சேர்த்து முப்பது கிராம் வரவில்லை.
இரண்டு காசு, என்றேன்.
"சரி, வச்சுக்குங்க."
சுரண்டிய எட்டை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
ஐசி இருக்கிற பக்கம்.

அவன் சாலையைக் கடக்கும்போது
நான் காந்தத்திலிருந்து நான்காவது காசைப்
பிய்த்துக்கொண்டிருந்தேன். நகம் வலித்தது.