வாலில் கட்டிய எழுத்து

இரவு ஒன்பது மணிக்குத் திறந்தார்கள்.
மாண்டெவிடியோவில் ஒன்பது.
மலாபோவில் நள்ளிரவு தாண்டி ஒன்று.
ஒரு புள்ளி, அதன்பின் ஐந்தெழுத்து:
புள்ளி சோமோஸ்.
ஸ்பானிஷ் பேசுகிற எவரும் இனி
தம் பெயருக்குப் பின்னே மாட்டிக்கொள்ளலாம்,
வருடத்துக்கு இருபத்திரண்டு டாலர்.

சோமோஸ் என்றால் இருக்கிறோம்.
நாம் இருக்கிறோமா நாங்கள் இருக்கிறோமா
விளம்பரத்தில் இல்லை.
அந்த மொழி அதைக் கேட்டுக்கொள்வதுமில்லை.

உதவி மேசையில் எவாரிஸ்தோ.
காதில் கருவி, முழங்கால்களுக்கு இடையே வெந்நீர்க் குடுவை.
மூன்றாம் முறை ஊற்றியதில்
மாத்தேயின் கசப்பு வெளுத்துவிட்டது.

முதல் நிமிடத்திலேயே
காதல், வீடு, ரொட்டி, கால்பந்து
நான்கையும் மயாமியில் ஒரே ஆள் வாங்கிவிட்டான்.
இரண்டாம் நிமிடத்திலிருந்து மனிதர்கள் வந்தார்கள்.
செவிலின் பல் மருத்துவர் கணினிக்கு ஒரு சொல் வைத்திருந்தார்,
தெகுசிகால்பாவின் தையற்காரர் வேறொன்று.
எவாரிஸ்தோ இரண்டுக்கும் "ஆமாம், அந்தப் பெட்டிதான்" என்றான்.

மலாபோவிலிருந்து ஒரு கப்பல் முகவர், தூங்காத குரல்:
"பட்டியலில் என் நாட்டைக் காணோம்.
கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டேன்."
எவாரிஸ்தோவும் தள்ளிப் பார்த்தான்.
குவாத்தமாலாவுக்குப் பிறகு நேரே ஹோண்டுராஸ்.
நடுவில் ஒரு தேசம் இருக்க வேண்டும்.
"இதர என்பதைச் சொடுக்குங்கள் ஐயா."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடற்கரை இரைச்சல் மட்டும்.
பிறகு, "இதர," என்றார் அவர்,
நல்ல சுத்தமான ஸ்பானிஷில்.

பத்தே முக்காலுக்கு எர்மெலிந்தா ஞான்குபில்.
சிலோயே தீவின் தென்முனை, கெய்யோன்.
படகு மோட்டார் பழுதுபார்க்கும் கடை.
பதினோரு வருடமாக அவள் இணைய முகவரியில்
முதல் எழுத்தின் மேல் அந்தச் சிறு அலை கிடையாது;
இயந்திரத்துக்கு அது பிடிக்காது என்றிருந்தார்கள்.
அதனால் நான்குபில்.
(தமிழ்க் காதில் அது நாலு ரசீது.
நமக்கென்ன, ஞண்டு நண்டானபோது
எந்த நண்டும் புகார் தரவில்லை.)
இவள் தருகிறாள்.
"ஞான்கு ஒரு பருந்து, தம்பி. மார்பு வெள்ளை.
அலையில்லாமல் எழுதினால் பறக்காது."

எவாரிஸ்தோ தட்டச்சு செய்தான்.
எல்-லுக்கு அடுத்த விசை.
அலை வந்தது, தலைமேல் ஒழுங்காக.
அந்த அலையும் இரவல்தான்.
பருந்தின் பெயரைக் காதால் கேட்ட
ஏதோ ஒரு பாதிரி, கையிலிருந்த எழுத்தைக்
கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.
இருநூறு கல்லறைகள், ஒரு மீன்பிடி உரிமம்,
மூன்று படகின் அணியம் எல்லாம் ஏறி
இப்போது அது இவளுடையது.

"ஒரு கேள்வி," என்றாள்.
"உள்ளே, இயந்திரத்துக்குள், எப்படி எழுதியிருக்கிறது?"

அவனுக்குத் தெரியும்.
அவன் திரையின் இடது மூலையில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது:
எக்ஸ், என், இரண்டு கோடு,
பிறகு தலையில்லாத பெயர்.
பிடுங்கிய எழுத்தை எண்ணும் எழுத்துமாகச் சுருட்டி
வாலில் கட்டியிருந்தார்கள்,
விமானத்தில் ஏறாத பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவதுபோல.
எந்தக் கணினியும் அதைப் படித்துத்
திரும்பத் தலையில் வைத்துவிடும்.
பழைய கணினி என்றால் வைக்காது.

"நீங்கள் எழுதியபடியே" என்று சொல்ல வாய் திறந்தான்.
"வாலில் இருக்கிறது அம்மா," என்றான்.

தகரக் கூரையில் மழை.
அவள் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை.
"பருந்து வாலால்தான் திரும்பும்,
பரவாயில்லை, பணத்தை எடுத்துக்கொள்."

போனை வைக்க மறந்துவிட்டாள்.
யாரோ வந்து எதற்கோ விலை கேட்டார்கள்.
கயிற்றை ஒரு இழு, இரண்டு இழு.
வரிசையில் இன்னும் முப்பத்தியொரு அழைப்புகள்.
மூன்றாவது இழுப்புக்காக
எவாரிஸ்தோ காத்திருந்தான்.